மாஸ்டர் செக்கப் போன கதை

முதலிலேயே டிஸ்கியைப் போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெங்களூரில் பொட்டி தட்டிப் பிழைக்கிற, நாற்பத்தேழு வயசு கோவில்பட்டிக்காரன். கீழே வருகிற எண்களைப் பார்த்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓட வேண்டாம். டாக்டரிடம் ஓடுங்கள்.

போன டிசம்பரில், ஆபீஸில் ஆணி ரொம்ப அதிகமாக இருந்த ஒரு நாளில், ஹெச்.ஆரிடமிருந்து மெயில். நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் மாதக் கடைசிக்குள் இலவச உடல் பரிசோதனையை முடித்துவிட வேண்டும். எங்கள் கம்பெனியில் இது பல வருடமாக உண்டு. ஆனால் இந்த முறை தொனியில் கொஞ்சம் கண்டிப்பு. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வருடம் ஒரு இலவசப் பரிசோதனை என்று சொல்லியிருக்கிறார்கள் இல்லையா, அந்த வாசனை மெயிலிலும் அடித்தது.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் அதுதான் பேச்சு. சில்வர், கோல்டு, டயமண்ட், பிளாட்டினம் என்று நாலு பேக்கேஜ். கம்பெனி கோல்டு வரைக்கும் தரும், மேலே கைக்காசைப் போட்டால் டயமண்ட். தி.நகர் நகைக்கடைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று சந்தேகம் வரும். தனியார்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். 2016-ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் ஆரம்பித்த அம்மா முழு உடல் பரிசோதனைத் திட்டத்திலேயே கோல்டு 1,000 ரூபாய், டயமண்ட் 2,000, பிளாட்டினம் 3,000 என்றுதான் பெயர் வைத்தார்கள். வியாதிக்கும் நகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ரெண்டுமே கடைசில அடகுக் கடையில கொண்டு விடும்ங்க" என்றார் பக்கத்து சீட் ஈரோட்டுக்காரர்.

ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பன்னேர்கட்டா ரோட்டில் ஒரு சென்டருக்குப் போனேன். முந்தின ராத்திரி எட்டு மணிக்கு மேல் பச்சைத் தண்ணி தவிர எதுவும் கிடையாது. காலையில் காபி கிடையாது என்பது எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் ரத்தம் எடுக்கிற பெண் சிரித்துக்கொண்டே "திண்டி ஆய்த்தா சார்?" என்கிறார். டிபன் ஆச்சா என்பது இந்த ஊரில் வணக்கம் சொல்வது மாதிரி. ஆனாலும் அந்த நேரத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

ரத்தம், குப்பியில் சிறுநீர், எக்ஸ்ரே, வயிறு முட்டத் தண்ணி குடிக்கவைத்து அல்ட்ராசவுண்ட், அப்புறம் பெல்ட்டில் ஓடவிடுகிற டிஎம்டி. எல்லாம் முடிந்ததும் கையில் டிபன் கூப்பன். தட்டில் என்ன தெரியுமா? சௌ சௌ பாத். ஒரு பக்கம் காராபாத், இன்னொரு பக்கம் நெய் மினுங்கும் கேசரிபாத். இதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி சர்க்கரை பார்ப்பார்களாம். யார் யோசனையோ, வாழ்க :-)

டிஎம்டி வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவர் தர்மபுரிக்காரர். டாக்ஸி ஓட்டுகிறார். கம்பெனி கூப்பன் எல்லாம் இல்லை, சொந்தக் காசு. "ஹாசன் நியூஸ் வந்ததுலேர்ந்து வீட்ல ஒரே நச்சு சார். நெஞ்ச ஒருக்கா காட்டிட்டு வந்தாத்தான் வண்டியத் தொடணும்னுட்டா." அவர் அன்றைக்கு ஓட்டியிருந்தால் கிடைத்திருக்கும் காசையும் சேர்த்தால் அது கிட்டத்தட்ட பிளாட்டினம் விலை.

ஹாசன் கதை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். 2025 ஜூனிலும் ஜூலை முதலிலும் ஹாசன் மாவட்டத்தில் நாற்பது நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாரடைப்பில் போய்விட்டார்கள், அதில் சின்ன வயசுக்காரர்களும் உண்டு என்று கன்னட சேனல்களில் இடைவிடாமல் ஓடியது. மைசூரிலும் பெங்களூரிலும் ஜெயதேவா இதய மருத்துவமனை வாசலில் ஜனம் திரண்டுவிட்டது. நெஞ்சு வலிக்கிறவர்கள் இல்லை, வலித்துவிடுமோ என்று பயந்தவர்கள். அரசு ஜெயதேவா இயக்குநர் தலைமையில் ஒரு குழு போட்டது. வழக்கத்தைவிட மாரடைப்பு கூடிவிட்டது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றது குழு. இறந்தவர்களில் பலரிடம் இருந்ததும் நாம் கேட்டுச் சலித்த பழைய காரணங்கள்தான். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, சிகரெட்.

அதற்கு நாலு வருடம் முன்னாலும் இதே கூட்டத்தை இதே வாசலில் பார்த்தோம். 2021 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. காலையில் உடற்பயிற்சி செய்த புனீத் ராஜ்குமார் மத்தியானத்துக்குள் இல்லை. வயசு 46. இந்த ஊரில் இருக்கிற தமிழர்களுக்கு அது என்ன மாதிரி நாள் என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. ராஜ்குமார் பிறந்த காஜனூர் இப்போது ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 2000-ல் வீரப்பன் அவரைக் கடத்தியதும் அங்கிருந்துதான். புனீத் பிறந்ததும் சென்னையில். 2006 ஏப்ரலில் பெரியவர் இறந்தபோது ஊர் பற்றி எரிந்தது, நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். மகன் போனபோது எங்கள் தெருவில் தமிழ், கன்னடம் என்ற பேதமே இல்லை. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அழுதார். என் தங்கமணி அழுதாள். அவருடைய இரண்டு கண்களை வைத்து நாலு பேருக்குப் பார்வை கொடுத்தார்கள். அடுத்த வாரமே எல்லாருக்கும் ஒரே கேள்வி. இவ்வளவு ஆட்டம் ஆடி, இவ்வளவு உடம்பைப் பார்த்துக்கொண்ட மனுஷனுக்கே இப்படி என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்? ஜெயதேவா வாசலில் வரிசை ரோடு வரைக்கும் வந்தது.

அந்தப் பயத்தில் தப்பில்லை. ஆனால் பயத்தோடு போய் எடுக்கிற ஈசிஜி எதைச் சொல்லும் என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். படுத்துக்கொண்டு எடுக்கிற ஈசிஜி அந்த நிமிஷத்து இதயத்தின் போட்டோ. பழைய சேதம் இருந்தால் காட்டலாம், துடிப்பில் கோளாறு இருந்தால் காட்டலாம். ரத்தக்குழாய்க்குள் ஒட்டிக்கொண்டு என்றைக்கோ வெடிக்கப் போகிற கொழுப்புத் திட்டை அது காட்டாது. இன்றைக்கு ஈசிஜி நார்மல் என்பது நாளைக்கான உத்தரவாதம் கிடையாது. தர்மபுரிக்காரரிடம் பிளட் பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் வயசானவங்களுக்குத்தான சார்?" என்றார். அவருக்கு நாற்பத்து மூன்று. பெல்ட்டில் ஏற்றுவதற்கு முன் அவருக்குப் பிரஷர் பார்த்தார்கள். 160-ஐத் தாண்டி இருந்தது. முதலில் டாக்டரைப் பாருங்கள் என்று அவரை ஓடவிடாமலே அனுப்பிவிட்டார்கள். அவர் தேடி வந்தது வேறு, கிடைத்தது வேறு.

மூன்றாம் நாள் என் ரிப்போர்ட் வந்தது. பதினாறு பக்கம், வழவழ தாள், ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டைகள். சென்டரில் இருந்த டாக்டர் ஐந்து நிமிஷம் கொடுத்தார். உப்பைக் குறைங்க, எண்ணெயைக் குறைங்க, ஸ்ட்ரெஸ்ஸைக் குறைங்க. கடைசியாகச் சொன்னதை என் மேனேஜரிடம்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஏரியாவில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். எழுபது வயசுக்கு மேல். சின்ன கிளினிக், மர பெஞ்சு. கன்னடம் பாதி, தமிழ் பாதி கலந்து பேசுவார். பதினாறு பக்கத்தையும் அவரிடம் கொண்டுபோனேன். பென்சிலை எடுத்தார். வைட்டமின் டி, யூரிக் ஆசிட், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள் எல்லாவற்றையும் சரசரவென்று தாண்டிப் போய் மூன்று இடத்தில் மட்டும் வட்டம் போட்டார். ரத்த அழுத்தம் 146/92. ஹெச்பிஏ1சி 6.1. கெட்ட கொழுப்பு 152.

"இது மூணுதான் நிம்ம செக்கப். மிச்சமெல்லா பேப்பர்."

ஹெச்பிஏ1சி என்பது கடைசி இரண்டு மூன்று மாதத்துச் சர்க்கரையின் சராசரிக் கணக்கு. முந்தின நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. 5.7-க்குக் கீழே இருந்தால் சரி, 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை வியாதி, நடுவில் இருந்தால் வாசலில் நிற்கிறோம் என்று அர்த்தம். வாசலில் நிற்கிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. ஐசிஎம்ஆரும் சென்னை டாக்டர் மோகன் குழுவினரும் நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளியிட்ட கணக்கில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, வாசலில் நிற்பவர்கள் 13.6 கோடி. ரத்தக்கொதிப்பு, வயசுவந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல்.

பிரஷருக்கு உடனே மாத்திரை எழுதவில்லை அந்தம்மா. டிராபிக்கில் வந்து மாடிப்படி ஏறி உடனே பார்த்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். வீட்டில் மெஷின் வைத்து, ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல், காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதினேன். சராசரி 137/87. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், உப்பும் நடையும், மூன்று மாதம் கழித்து வா என்றார்.

இந்த இடத்தில் டயமண்ட் பேக்கேஜ் எடுத்த என் டீம்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் கேன்சர் மார்க்கர் என்று நாலைந்து ரத்தப் பரிசோதனை சேர்த்திருந்தார்கள். ஒன்று மட்டும் எல்லையைவிடக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான். மூன்று வாரம் மனுஷன் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. ஸ்கேன், அதைவிடப் பெரிய ஸ்கேன், கடைசியில் ஒன்றுமில்லை என்று முடிந்தது. அதற்குள் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து, திருப்பதிக்கு வேண்டிக்கொண்டு... அந்த மாதிரி மார்க்கர்கள் வியாதி தெரிந்தவர்களுக்கு வைத்தியம் எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் பெரும்பாலும் உதவும். நன்றாக இருக்கிறவர்களிடம் தேடினால் இப்படித்தான் பொய் மணி அடிக்கும்.

தென்கொரியாவில் இது தேச அளவிலேயே நடந்திருக்கிறது. 1999-ல் அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தார்கள். தைராய்டு அதில் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரிகள் கூடக் கொஞ்சம் காசுக்குக் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துவிட்டன. 1993-க்கும் 2011-க்கும் நடுவில் தைராய்டு கேன்சர் கண்டுபிடிப்பது பதினைந்து மடங்கு ஆனது. அதில் செத்தவர்கள் எண்ணிக்கை? அப்படியே இருந்தது. ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்திருக்கும் கட்டிகளைத் தேடிப் பிடித்து ஆயிரக்கணக்கான கழுத்துகளை அறுத்திருக்கிறார்கள். பொத்தாம் பொதுவாகச் செய்கிற மாஸ்டர் செக்கப் ஆயுளைக் கூட்டுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். காக்ரேன் அமைப்பு 2019-ல் புதுப்பித்த ஆய்வில், பதினேழு பரிசோதனைகளில் இருந்த சுமார் இரண்டரை லட்சம் பேரின் கணக்கைக் கூட்டிப் பார்த்தால், செக்கப் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் சாவில் ஏறக்குறைய வித்தியாசமே இல்லை.

அப்படியென்றால் செக்கப்பே தண்டமா என்று கேட்காதீர்கள். அந்த ஆய்வுகள் நடந்த ஐரோப்பிய, அமெரிக்க ஊர்களில் ஜலதோஷத்துக்குப் போனாலும் குடும்ப டாக்டர் கையோடு பிரஷரும் பார்த்துவிடுவார். நம் தர்மபுரிக்காரருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? எதைத் தேடுகிறோம், கிடைத்தால் யாரிடம் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் அரசின் திட்டத்தைப் பாருங்கள், முப்பது வயசுக்கு மேல் எல்லாருக்கும் தேடச் சொல்வது ஐந்தே ஐந்து. ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, வாய்ப் புற்று, மார்பகப் புற்று, கருப்பை வாய்ப் புற்று. தங்கமும் இல்லை வைரமும் இல்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் செய்வது. இந்த ஊரில் நம்ம கிளினிக்குக்குப் போனாலும் பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள்.

பென்சிலை வைத்துவிட்டு அந்த டாக்டரம்மா ஒரு கேள்வி கேட்டார். "ஹெண்டத்திக்கு எடுத்தாச்சா?"

எடுக்கவில்லை. கம்பெனி இலவசம் ஊழியருக்கு மட்டும்தான். தங்கமணி எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. அவளுக்கு யார் மெயில் அனுப்புவார்கள்? வீட்டுக்கு வந்து சொன்னால், "எனக்கென்னங்க, நான் நல்லாத்தான இருக்கேன்" என்கிறாள். நம் வீடுகளில் எத்தனை வருடமாகக் கேட்கிற வசனம் இது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், ராத்திரி முழுக்க ஆடி ஆடி, காலையில் கோவில்பட்டி. மாட்டுப்பொங்கல் அன்றைக்குச் சாப்பாடு முடிந்து எல்லாரும் முற்றத்தில் சாய்ந்திருந்தபோது நான் அக்காவின் தையல் மெஷினிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தேன். டாக்டர் மோகன் குழுவினரே 2005-ல் ஒரு கணக்கு உண்டாக்கியிருக்கிறார்கள். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். வயசு 35-க்குக் கீழே என்றால் பூஜ்யம், 49 வரை 20, ஐம்பதுக்கு மேல் 30. இடுப்பு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்ணுக்கு 80-க்குள் என்றால் பூஜ்யம். அதற்கு மேல் பத்து சென்டிமீட்டர் வரை 10, அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் உண்டு, உடம்பு நோகிற வேலையும் உண்டு என்றால் பூஜ்யம், ஏதாவது ஒன்று மட்டும் என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. அப்பா அம்மாவில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டினால் 60-ஐத் தொட்டுவிட்டால் ரத்தம் பார்த்தே ஆகவேண்டும்.

முதலில் என் மார்க். 20, 10, 20, 10. சரியாக 60. அடுத்து அத்தான். மினி பஸ் ஓட்டுகிறார், ஐம்பத்திரண்டு வயசு. டேப்பைச் சுற்றும்போது மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டார். அக்கா பின்னாலிருந்து ஒரு கிள்ளு. மூச்சை விட்டார். 103. மொத்தம் 90.

"எஸ்.எஸ்.எல்.சி.ல கூட நான் இம்புட்டு மார்க்கு வாங்கலயே மாப்ளே!"

முற்றமே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் தங்கமணியின் கணக்கை மைத்துனர் மகள் போட்டுவிட்டாள். நாற்பத்துநாலு வயசுக்கு 20, இடுப்புக்கு 10, வேலைக்கு 20, அவள் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் சர்க்கரை, அதற்கு 20. எழுபது. கம்பெனி காசு கட்டிப் பதினாறு பக்கம் அடித்துக் கொடுத்த என்னைவிடப் பத்து கூட.

அத்தான் இரண்டு நாள் கழித்து முணுமுணுத்துக்கொண்டே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். சர்க்கரை 268. பிரஷரும் கூட. ஒருநாள் தலைசுற்றல் கிடையாது, தாகம் கிடையாது, தினம் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டிக்கொண்டிருக்கிறார். இப்போது மாதாமாதம் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்த திட்டம், எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி எல்லையில் ஏறினால் அந்த மாவட்டம்தான். 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. அத்தானுக்கு விருது பற்றியெல்லாம் தெரியாது. "அந்தப் பிள்ள வந்து மாத்திரையக் குடுத்துட்டு, போன மாசத்து அட்டையக் காட்டுங்கண்ணேன்னு கேக்குது மாப்ளே. முழுங்காம ஏமாத்த முடியல" என்கிறார். எனக்கு அந்தச் சென்டரின் பதினாறு பக்கம் செய்யாததை அந்த "அட்டையக் காட்டுங்கண்ணே" செய்கிறது.

இனி கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். சுற்றாமல் இதை முடிக்க முடியாது.

எங்கள் அம்மா 1999-ல் போனாள். ஐம்பத்தோரு வயசு. மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி உதிரம் பட்டிருக்கிறது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நான் அப்போது மதுரையில் ஹாஸ்டலில். கடைசியில் அக்கா துவைக்கிற துணியைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஏம்மா சொல்லல என்று அக்கா கேட்டதற்கு, "அங்கெல்லாம் காட்டவா முடியும்?" என்றாளாம். மதுரைக்குக் கொண்டுபோனபோது கருப்பை வாயிலிருந்து பக்கத்துக்கெல்லாம் பரவியிருந்தது. கரண்ட் வைத்தார்கள். பதினான்கு மாதம்.

அம்மா போன அடுத்த வருடம், 2000-ல், திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தது. எங்கள் ஊரிலிருந்து மூன்றரை மணி நேர பஸ் தூரம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையத்திலிருந்த டாக்டர் சங்கரநாராயணனும், ஒட்டன்சத்திரம் பக்கத்து அம்பிளிக்கை மருத்துவமனைக்காரர்களும் சேர்ந்து செய்தது. முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயசுப் பெண்கள். பயிற்சி எடுத்த நர்சுகள், ஒரு விளக்கு, காடி. ஆமாம், ஊறுகாய்க்குப் போடுகிற வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலம், தண்ணீரில் கலந்தது. கருப்பை வாயில் தடவினால் ஒரு நிமிஷத்தில் கோளாறான இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால், பொருத்தமான பெண்களுக்கு, அந்த இடத்தை உறையவைத்து அழிக்கிற சிகிச்சை அன்றைக்கே, அந்த நர்சு கையாலேயே. முப்பத்தோராயிரம் பெண்களுக்கு மேல் பார்த்தார்கள். 2007-ல் லான்செட்டில் முடிவு வந்தது. பரிசோதனைக்கு அழைத்த ஊர்களில், அழைக்காத ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்று 25 சதவீதம் குறைவு. அதனால் வந்த சாவு 35 சதவீதம் குறைவு. வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்ததற்கு.

இரண்டரை லட்சம் பேரைச் சோதித்தும் கிடைக்காத வித்தியாசம் ஒரு கரண்டி காடியில் கிடைத்திருக்கிறது. பிறகு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் செய்து பார்த்துத் தமிழ்நாடு முழுக்க அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அதைவிடத் துல்லியமான ஹெச்பிவி பரிசோதனையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வயசுக்குள் ஒரு தடவை, நாற்பத்தைந்துக்குள் இன்னொரு தடவை. நாம் எங்கே நிற்கிறோம்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், முப்பதிலிருந்து நாற்பத்தொன்பது வயசுப் பெண்களில் இந்தப் பரிசோதனை ஒரு தடவையாவது செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. முன்வரிசையில் இருக்கிற தமிழ்நாட்டிலேயே பத்தை எட்டவில்லை.

பொங்கல் முடிந்து வரும்போது ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு தங்கமணியிடம் இதெல்லாம் சொன்னேன். அம்மா எட்டு மாதம் மறைத்தது அவளுக்குத் தெரியாது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது சுவரில் போட்டோதான் இருந்தது. சேலம் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கீழே இருந்து, "லேடி டாக்டர்தான பாப்பாங்க?" என்றாள்.

ஜனவரி கடைசியில் போனோம். சர்க்கரை, வெறும் வயிற்றில் 108. அவளும் வாசலில்தான் நிற்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து நடக்கிறோம். ஹெச்பிவி முடிவு பத்து நாளில் வந்தது, ஒன்றும் இல்லை. இனி ஐந்து வருடம் கழித்து வந்தால் போதும் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் செய்தது அக்காவுக்கு போன் போட்டதுதான். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் பேசினார்கள்.

போன வாரம் அக்கா எனக்கு போன் பண்ணினாள்.

"நானும் எதுத்த வீட்டு மதினியும், பால்காரம்மாவும், இன்னும் ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டோம்டா. ரெண்டு நிமிஷம்தான். நர்சம்மா தங்கமான பிள்ள. வர்றப்ப கடலைமிட்டாய் வாங்கிட்டு வந்தோம், ஒங்க அத்தான்ட்ட சொல்லிறாத."

சரிக்கா, என்ன சொன்னாங்க என்றேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல. பால்காரம்மாவுக்கு மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சிருக்கு. பயப்படுற மாதிரி இல்லயாம், ஆரம்பமாத்தான் இருக்குமாம். தூத்துக்குடிக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. அவ வீட்டுக்காரரு வேணாங்காரு. வர்ற திங்கக்கிழம காலைல ஏழரை பஸ்ஸுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்."